காலமும் இடமும் அறிந்த டான் ஹட்சன்

நாட்டை ஆண்டவர், நூல் யாத்தவர், நோய்க்கு மருந்து கண்டவர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை நாம் பாட நூல்களில் நிரம்பப் படிக்கின்றோம். விளையாட்டுத் திடலிலே புகழ் பெற்றவர்களின் வரலாறுகளை அத்துணை ஆழமாகப் படிப்பதில்லை. விளையாட்டுக்கு உடல் வலிமை போதும். அறிவுக்கு அங்கு வேலை இல்லை என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். வேகமாக ஓடும் பிள்ளையைக் கண்டு மகிழும் பெற்றோர்கூட, ஓட்டம் வேறு, சிந்தனை வேறு என்றே கருதுகின்றனர்.

அவ்வெண்ணம் பிழையானது என்பதைத் தம் ஆட்டத்தால் மெய்ப்பித்த ஒருவரைப் பற்றியே நாம் இங்கு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் டான் ஹட்சன். அமெரிக்கக் காற்பந்தில் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் எப்படி ஆட வேண்டும் என்பதற்கு வழி வகுத்தவர் என்று அந்நாட்டு மக்கள் அவரைப் போற்றுகின்றனர்.

ஆட்டத்தின் இயல்பு

நம் பள்ளித் திடலில் நாம் ஆடும் காற்பந்து வேறு. அமெரிக்கர் காற்பந்து என்று வழங்கும் ஆட்டம் வேறு. அவர்களுடைய பந்து உருண்டையாக இராது; இரு முனைகளும் கூர்மையாக, நீண்டு இருக்கும். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டே ஓடலாம். 100 கஜ நீளமுள்ள திடலில் அணிக்கு 11 பேராக ஆடுவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜ தூரமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் சேர்ந்துவிடும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் அதற்கு டச்டவுன் என்று பெயர்; 6 புள்ளிகள் கிடைக்கும். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் ஒரு புள்ளி உண்டு.

தொடக்க காலத்தில் இவ்வாட்டம் கூட்டமாக முட்டி மோதும் முரட்டு ஆட்டமாகவே இருந்தது. பல இளைஞர்கள் காயமுற்றனர், உயிரிழந்தவர்களும் உண்டு. அம்முரட்டுத் தன்மையைக் குறைக்கும் பொருட்டு, 1906ஆம் ஆண்டில் பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி வழங்கினர். ஆயினும் நெடுங்காலம் எறிபந்தை யாரும் பெரிதாக நம்பவில்லை. அதைக் குறுக்குவழி என்று இகழ்ந்தோரும் இருந்தனர். தொழில்முறைச் சங்கம் 1933இல் எறிபந்துக்கான விதிகளைத் தளர்த்திற்று. அடுத்த ஆண்டில் பந்தின் பருமனும் குறைக்கப்பட்டு, கைக்கு அடக்கமாயிற்று. கதவு திறந்துவிட்டது, அதன் வழியே நுழைந்து செல்லத் தெரிந்த ஆள்தான் இன்னும் வரவில்லை.

பிறப்பும் இளமையும்

டொனால்ட் மாண்ட்கோமரி ஹட்சன் 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஆர்க்கன்சா மாநிலத்தில், பைன் பிளஃப் என்னும் ஊரில் பிறந்தார். சாரணர் இயக்கத்தில் சேர்ந்து ஊக்கமுடன் பயிற்சி பெற்றார். சிறு வயதில் பாம்புகளைப் பிடித்து விளையாடுவது அவருக்குப் பெருவிருப்பமாம். தம் கைவேகத்துக்கும் உடல் நெளிவுக்கும் அதுவே முதற்பயிற்சி என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு. மாணவர்கள் அவரிடம் கற்கவேண்டிய பாடங்கள் பல உள்ளன. இந்தப் பாம்புப் பாடத்தை மட்டும் விட்டுவிடுதல் நலம்!

பள்ளி நாள்களில் அவர் கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் சிறந்து விளங்கினார். காற்பந்தில் அவருடைய நண்பர் ஒருவரே ஊரறிந்த வீரர். அலபாமா பல்கலைக்கழகத்தார் அந்நண்பரை நாடி வந்தபோது, அவரோடு ஹட்சனும் சென்று சேர்ந்தார். தேடி அழைக்கப்பட்டவர் ஒருவர். துணையாகச் சென்றவர் மற்றொருவர். வரலாற்றில் நிலைத்த பெயரோ துணையாகச் சென்றவருடையது.

கல்லூரி வாழ்வு

பிராங்க் தாமஸ் என்னும் பயிற்றுநரின் கீழ் ஹட்சன் பயின்றார். உயரம் ஆறடிக்குச் சற்று மேல்; உடலோ மெலிந்தது. ஆனால் 100 கஜ தூரத்தைப் பத்து வினாடிக்குள் ஓடிக் கடக்கும் கால்கள் அவருக்கு இருந்தன. ஒருநாள் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் ஆட்டமும் ஓட்டப்பந்தயமும் ஒரே வேளையில் நடைபெற, பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே சென்று ஓட்டத்தில் வென்று, மீண்டும் வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்றொரு செய்தி வழங்கி வருகின்றது.

1934ஆம் ஆண்டில் அலபாமா அணி ஓர் ஆட்டத்திலும் தோல்வி காணவில்லை. 1935 ஜனவரி முதல் நாளன்று கலிபோர்னியாவில் நடைபெற்ற புகழ்மிக்க ரோஸ் பவுல் போட்டியில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக அணியை எதிர்த்து நின்றது. முதலில் ஸ்டான்ஃபர்ட் அணியே புள்ளி எடுத்தது. பின்னர் அலபாமா வீறுகொண்டு எழுந்து 29க்கு 13 என்ற கணக்கில் வென்றது. அன்று ஹட்சன் ஆறு முறை பந்தைப் பிடித்து 165 கஜ தூரம் முன்னேறினார். இரண்டு டச்டவுன்களும் எடுத்தார். நாடு முழுவதும் அவர் பெயர் பரவிற்று.

சிற்றூர் அழைத்தது

விஸ்கான்சின் மாநிலத்தில், குளிர் மிகுந்த ஏரிக்கரையில் அமைந்த ஊர் கிரீன் பே. அக்காலத்தில் அங்கு ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரே வாழ்ந்தனர். நியூயார்க், சிக்காகோ போன்ற மாநகரங்களின் அணிகளுக்கு ஈடாக இச்சிற்றூரும் ஓர் அணியை வைத்திருந்தது. 1919இல் இறைச்சியைப் பதப்படுத்தி அடைக்கும் நிறுவனம் ஒன்று கொடுத்த பணத்தில் சட்டைகள் வாங்கித் தொடங்கிய அணி அது. ஆகவே பேக்கர்ஸ் என்று பெயர் பெற்றது. அவ்வணி ஒரு செல்வந்தருக்குச் சொந்தமானதன்று. ஊர் மக்களே பங்கு வாங்கி நடத்தி வந்தனர். பணமுடை வந்தபோதெல்லாம் அம்மக்களே கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினர்.

பேக்கர்ஸ் அணியின் பயிற்றுநர் கர்லி லாம்போ எறிபந்தில் நம்பிக்கை உடையவர். அவர் ஹட்சனை அழைத்தார். புரூக்ளின் அணியும் அழைத்தது. ஹட்சன் இரண்டு ஒப்பந்தங்களிலும் கையொப்பமிட்டுவிட்டார். சிக்கல் சங்கத் தலைவர் ஜோ கார் முன் சென்றது. எந்த ஒப்பந்தத்தின் அஞ்சல் முத்திரை முந்தியதோ அதுவே செல்லும் என்று அவர் தீர்ப்பளித்ததாகவும், கிரீன் பே ஒப்பந்தம் 17 நிமிடங்கள் முந்தியிருந்ததாகவும் கூறுவர். அந்தச் சில நிமிடங்களே ஒரு சிற்றூரின் வரலாற்றை மாற்றின.

முதல் பந்து

தொழில்முறை ஆட்டக்காரர்களோ மலைபோன்ற உடலினர். மெலிந்த இவ்விளைஞர் அவர்களிடையே தாக்குப் பிடிப்பாரா என்று பலர் ஐயுற்றனர். 1935 செப்டம்பர் 22ஆம் நாள் கிரீன் பேயில், சிக்காகோ பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவ்வையத்துக்கு விடை கிடைத்தது.

அன்று ஜானி பிளட் என்னும் புகழ்பெற்ற வீரர் திடலின் ஒரு பக்கம் நிறுத்தப்பட்டார். எதிரணியினரின் கண்கள் அவர்மேல் சென்றன. மறுபக்கத்தில் நின்ற 22 வயது இளைஞரைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் ஹட்சன் முதலில் மெல்ல ஓடினார். தம்மைக் காக்க நின்றவர் அருகே வந்ததும் திடீரென வேகத்தைக் கூட்டி அவரைக் கடந்து சென்றார். ஆர்னி ஹெர்பர் நெடுந்தொலைவு எறிந்த பந்து அவர் கைகளில் வந்து விழுந்தது. 83 கஜ தூரத்தில் ஒரு டச்டவுன்! கிரீன் பே 7க்கு 0 என்ற கணக்கில் வென்றது. அன்று எடுக்கப்பட்ட டச்டவுன் அது ஒன்றே.

ஓட்டத்தில் கலந்த சிந்தனை

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பள்ளித் திடலில் சிறு பிள்ளைகள் பந்தாடுவதைக் கவனித்தால், பந்து எங்கு உள்ளதோ அங்கு அனைவரும் ஒன்றாக ஓடுவதைக் காணலாம். ஹட்சனோ பந்து இருக்கும் இடத்துக்கு ஓடியவர் அல்லர். பந்து வரப்போகும் இடத்துக்கு ஓடியவர். அதுவும் எதிரி அறியாதபடி, முன்னும் பின்னும் ஆகாமல், உரிய நொடியில் அங்குச் சென்று சேர்ந்தவர்.

அவருக்கு முன்னர், பந்தைப் பிடிப்போர் பெரும்பாலும் நேராக ஓடிச்சென்று திரும்பிப் பார்த்தனர். ஹட்சனும் லாம்போவும் கூடி, ஓட வேண்டிய வழிகளை முன்கூட்டியே வகுத்தனர். இத்தனை அடி ஓடி வெளிப்புறம் திரும்புவது ஒரு வழி. ஓடிச்சென்று சட்டென நின்று கொக்கிபோல் திரும்புவது மற்றொரு வழி. நிற்பதுபோல் காட்டி மீண்டும் பாய்ந்து செல்வது இன்னொரு வழி. வேகத்தைக் குறைத்துக் காட்டி எதிரியை ஏமாற்றுவதும், தோளை ஒருபுறம் சாய்த்து மறுபுறம் செல்வதும் அவருக்குக் கைவந்த கலைகளாயின. ஒருவரால் அவரைக் காக்க இயலாது என்று கண்ட எதிரணியினர் இருவரையும் சில வேளைகளில் மூவரையும் நிறுத்திப் பார்த்தனர்.

அக்காலத்தில் இலக்குக் கம்பங்கள் எல்லைக்கோட்டின்மீதே நட்டு வைக்கப்பட்டிருந்தன. ஒருமுறை ஹட்சன் கம்பத்தை நோக்கி விரைந்தோடி, ஒரு கையால் அதைப் பற்றிச் சுழன்று திசை திரும்பினாராம். காக்க வந்தவர் நிலைதடுமாற, இவர் மறுகையால் பந்தைப் பிடித்து டச்டவுன் எடுத்தாராம். எல்லார் கண்ணிலும் பட்ட கம்பம்தான். அது துணையாகும் என்று கண்டவர் அவர் ஒருவரே.

காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவப் பெருந்தகை அரசர்க்குத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். பந்தாட்டக்காரருக்கும் அவை பொருந்தும் என்பது ஹட்சனின் ஆட்டத்தை எண்ணும்போது நமக்குப் புலனாகின்றது.

சாதனைகள்

ஹட்சன் 1935 முதல் 1945 வரை 11 ஆண்டுகள் பேக்கர்ஸ் அணிக்கே ஆடினார். 1936, 1939, 1944 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவ்வணி வெற்றிக் கேடயத்தைக் கைப்பற்றிற்று. சங்கத்தில் மிகுதியான பந்துகளைப் பிடித்தவர் என்ற சிறப்பை அவர் எட்டு ஆண்டுகள் பெற்றார். 1941, 1942 ஆகிய ஈராண்டுகளிலும் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவரை நாடி வந்தது.

1942இல் 11 ஆட்டங்களில் 74 பந்துகளைப் பிடித்து, 1,211 கஜ தூரமும் 17 டச்டவுன்களும் எடுத்தார். ஒரே பருவத்தில் பந்து பிடித்து 1,000 கஜ எல்லையைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. அவ்வாண்டில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர், பிடித்த பந்துகளின் எண்ணிக்கையில் அவருடைய பாதியைக்கூட எட்டவில்லை.

அவருக்குப் பந்தெறிந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். ஆர்னி ஹெர்பருக்குப் பின் சிசில் இஸ்பெல் வந்தார். 1942ஆம் ஆண்டுடன் இஸ்பெல் விலக, வேறு சிலர் வந்தனர். எறிபவர் மாறினும் பிடிப்பவர் கை மாறவில்லை.

இக்காலத்து அமெரிக்கக் காற்பந்தில் தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு. ஹட்சன் காலத்தில் ஒருவரே இரு பணிகளையும் செய்தாக வேண்டும். அவர் தடுப்பாட்டத்தில் நின்று, எதிரணியினர் எறிந்த பந்துகளை 30 முறை இடைமறித்துப் பிடித்துள்ளார். கூடுதல் புள்ளிக்காகப் பந்தை உதைக்கும் பணியையும் அவர் ஏற்றிருந்தார். 1945 அக்டோபர் 7ஆம் நாள், டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன்களும் ஐந்து உதைப் புள்ளிகளும் எடுத்தார். ஒரே கால் பகுதியில் ஒருவர் எடுத்த புள்ளிகள் 29!

ஆட்டத்தை விட்டு விலகியபோது அவர் கணக்கில் 488 பந்துகளும் 7,991 கஜ தூரமும், பந்து பிடித்து எடுத்த 99 டச்டவுன்களும் இருந்தன.

புகழை அளக்கும் கோல்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் முறையன்று. ஹட்சனின் எண்களைப் போற்றும் நாம், அவை எழுந்த காலத்தின் குறையையும் கூறுதல் கடமையாகும்.

1934 முதல் 1945 வரை அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவருக்கேனும் இடம் தரப்படவில்லை. முன்பு, 1920ஆம் ஆண்டுகளில், பிரிட்ஸ் பொல்லார்ட் போன்ற கறுப்பின வீரர்கள் அதில் சிறப்பாக ஆடியிருந்தனர். பின்னர் எழுதப்படாத தடை ஒன்று அவர்களை வெளியே நிறுத்திற்று. 1946இல்தான் கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் ஆகிய இருவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்து அத்தடையை உடைத்தனர். ஹட்சன் பயின்ற அலபாமா பல்கலைக்கழகத்திலும் அவர் காலத்தில் கறுப்பின மாணவருக்கு இடமில்லை. ஆக, ஹட்சனின் 11 ஆண்டுகளும் அத்தடைக் காலத்துக்குள் முழுமையாக அடங்கிவிடுகின்றன. மேலும், அவருடைய கடைசி ஆண்டுகள் போர்க்காலம். வலிமை மிக்க ஆட்டக்காரர் பலர் படையில் இருந்தனர்.

இதனால் ஹட்சனின் புகழ் குறைகின்றதா? நாம் நடுநிலையில் நின்று பார்ப்போம். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னரே 1936, 1937, 1939, 1941 ஆகிய ஆண்டுகளில் அவர் முதலிடம் பெற்றிருந்தார். தம்முன் நின்ற எதிரிகளையெல்லாம் அவர் வென்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் முன் நிற்கவே அனுமதிக்கப்படாத இளைஞர்கள் இருந்தனர். அவர்களுள் அவருக்கு நிகரானவர் இருந்தாரா என்பதை இனி எவராலும் அறிய முடியாது. கதவை அடைத்தால் வெளியே நிற்பவனுக்கு மட்டுமா இழப்பு? உள்ளே வென்றவனுடைய வெற்றியும் முழுமை பெறாமற் போகின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் திடல் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டுமோ?

எண்கள் நிலையானவை அல்ல. 99 டச்டவுன்கள் என்ற சாதனை 44 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1989இல் ஸ்டீவ் லார்ஜண்ட் என்பவர் அதனைக் கடந்தார். அப்போது 76 வயதினராக இருந்த ஹட்சன் அதனைத் தம் வாழ்நாளிலேயே காணும் பேறு பெற்றார். 1992இல் ஜெர்ரி ரைஸ் என்னும் கறுப்பின வீரர் லார்ஜண்டையும் கடந்து, 197 டச்டவுன்கள் வரை சென்றார். ஒருகாலத்தில் எந்த இனத்தாருக்குக் கதவு அடைக்கப்பட்டதோ, அவ்வினத்தைச் சேர்ந்த ஒருவரே அச்சாதனையின் உச்சியில் அமர்ந்தார். ஆயினும் ரைஸ் ஓடிய ஓட்டங்களிலும், அன்று ஹட்சன் வகுத்த திருப்பங்களும் நெளிவுகளும் வாழ்ந்துகொண்டிருந்தன. எண் அழிந்தது, வழி அழியவில்லை.

ஓய்வும் மறைவும்

கால்களில் வலிமை இருக்கும்போதே, 1945ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஹட்சன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். சில ஆண்டுகள் பேக்கர்ஸ் அணிக்குத் துணைப் பயிற்றுநராக இருந்தார். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்து ரேசின் நகரில் மோட்டார் வாகன வணிகம் நடத்தி, நல்ல முறையில் வாழ்ந்தார். அவருக்கு மூன்று பெண் மக்கள்.

1951இல் பேக்கர்ஸ் அணியினர் அவர் அணிந்த 14ஆம் எண்ணை இனி வேறு எவருக்கும் வழங்குவதில்லை என்று முடிவு செய்தனர். அவ்வணி இவ்வாறு சிறப்புச் செய்த முதல் எண் அதுவே. 1963இல் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் தொழில்முறைக் காற்பந்தின் புகழ்மண்டபம் திறக்கப்பட்டபோது, முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 17 பேருள் அவரும் ஒருவரானார். கிரீன் பேயின் கடுங்குளிரிலும் பயிற்சி செய்ய வசதியாக 1994இல் எழுந்த உள்ளரங்குத் திடலுக்கு அவர் பெயரையே சூட்டினர்.

1997ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 26ஆம் நாள், கலிபோர்னியாவில், தமது 84ஆம் வயதில் டான் ஹட்சன் இயற்கை எய்தினார். சங்கத்தின் நூறாம் ஆண்டையொட்டி 2019இல் தெரிந்தெடுக்கப்பட்ட தலைசிறந்தோர் அணியிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

நாம் கொள்ள வேண்டியவை

மாணவர்களே! அடுத்த முறை திடலில் இறங்கும்போது, ஓடுவதற்கு முன் ஒரு கணம் எண்ணுங்கள். எங்கே செல்ல வேண்டும், எப்போது செல்ல வேண்டும் என்று மனத்தில் வகுத்துக்கொண்டு ஓடுங்கள். கணக்குப் பாடத்துக்கும் இதே முறைதான்; வாழ்க்கைக்கும் இதே முறைதான். அழைக்கப்படாமல் துணையாகச் சென்றவரும் முதல்வராகலாம் என்பதை மறவாதீர்கள். மெலிந்த உடலைக் கண்டு மனம் தளராதீர்கள்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு அணி பிரிக்கும்போது, ஓரத்தில் நிற்கும் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனையும் எதிர்த்து ஆடி வென்றால்தான் உங்கள் வெற்றி முழு வெற்றியாகும்.

— தலைமையாசிரியர்